முட்டைக்கோஸ்: கும்மிடிப்பூண்டி வீட்டுத் தோட்டத்தில் விளையுமா?

முட்டைக்கோஸ் என்றதும் பலருக்கும் ஊட்டிதான் நினைவுக்கு வரும். கொடைக்கானல், ஓசூர் என்று குளிர்ந்த ஊர்களிலிருந்து லாரி ஏறி வரும் காய் அது. வெயிலும் புழுக்கமும் நிறைந்த திருவள்ளூர் மாவட்டத்தில், அதுவும் கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டை ஊரில், வீட்டு வாசலிலோ மொட்டைமாடியிலோ அது விளையுமா?

விளையும். ஆனால், வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான். கத்திரியையும் வெண்டையையும் போல நினைத்த மாதத்தில் விதைத்தால், முட்டைக்கோஸ் வெறும் இலையாகவே நின்று ஏமாற்றிவிடும். காலத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி மண்ணில் இருக்கிறது. தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரில் வசிப்பவர்கள் இந்த இரண்டாவது பாதியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

குளிர் தேடும் செடி

முட்டைக்கோஸ் ஐரோப்பியக் கடலோரக் காட்டுச் செடியின் வழிவந்தது. 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைதான் அதற்கு மிகவும் பிடிக்கும். 25 டிகிரியைத் தாண்டிவிட்டால், சாதாரண ரகங்களில் இலைகள் உள்நோக்கி மடிந்து உருண்டை கட்டுவது தடுமாறும்.

நம் மாநிலத்தில் இந்தக் காய் மலையில் வேரூன்றியதற்கும் இதுதான் காரணம். ஊட்டியில் குடியேறிய ஆங்கிலேயர்கள், தங்கள் ஊர்க் காய்கறிகள் கிடைக்க வேண்டும் என்று 1845ல் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு தோட்டம் அமைத்தார்கள். இன்று லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டு வரும் ஊட்டி தாவரவியல் பூங்காவின் தொடக்கம் அந்தக் காய்கறித் தோட்டம்தான்.

சமவெளியில் இதைக் கொண்டுவந்தது ஆராய்ச்சி. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 'பூசா அகேதி' என்ற ரகத்தை வெளியிட்டது. 15 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பத்திலும் அது உருண்டை கட்டும். இப்போது வெப்பம் தாங்கும் வீரிய ஒட்டு ரகங்கள் பலவும் விதைக் கடைகளில் கிடைக்கின்றன. விதை வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இது சமவெளிக்கு ஏற்ற, வெப்பம் தாங்கும் ரகமா?' மலைப் பகுதிக்கான ரகத்தை இங்கே நட்டால், எவ்வளவு உரம் போட்டாலும் பலன் இருக்காது.

சென்ற ஆண்டுச் செடியிலிருந்து விதை எடுத்து வைக்கலாமே என்று தோன்றலாம். பெரும்பாலான முட்டைக்கோஸ் ரகங்கள், பல வாரங்கள் நல்ல குளிரை அனுபவித்த பிறகுதான் பூக்கும். அதனால்தான் அதன் விதை உற்பத்தி இமயமலைப் பகுதியில் குலு பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் நடக்கிறது. திருவள்ளூரில் அது பூக்காது. வீரிய ஒட்டு ரகமாக இருந்தால், பூத்தாலும் அதே குணம் அடுத்த தலைமுறைக்கு வராது. ஆகவே, ஆண்டுதோறும் புது விதைதான்.

புரட்டாசியில் விதை... தை பிறந்ததும் அறுவடை

சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நவம்பர் முதல் ஜனவரி வரை பகல் வெப்பம் 29, 30 டிகிரியை ஒட்டியே இருக்கும். இரவில் 21 டிகிரி வரை இறங்கும். கடலில் இருந்து தள்ளியிருக்கும் திருத்தணி பக்கம் மார்கழி இரவுகள் இன்னும் சற்றுக் குளிரும். முட்டைக்கோஸுக்கு இந்த மாவட்டம் கொடுக்கும் குளிர் இவ்வளவுதான். செடி இலை விட்டு வளர்ந்து உருண்டை கட்டும் நாள்கள் இந்தக் காலத்துக்குள் விழ வேண்டும்.

கணக்கு இப்படி வரும். நாற்று தயாராக 25 முதல் 30 நாள். நட்ட பிறகு அறுவடைக்கு 65 முதல் 80 நாள். அக்டோபர் முதல் இரண்டு வாரங்களில், அதாவது புரட்டாசியின் பின்பாதியில் விதைத்தால், நவம்பர் முதல் பாதியில் நடலாம். பொங்கல் முடிந்த கையோடு வெட்டலாம். நவம்பர் முதல் வாரத்தில் இரண்டாவது தவணையாகச் சில விதைகளைப் போட்டால் பிப்ரவரி வரை காய் கிடைக்கும். நவம்பர் பாதிக்கு மேல் விதைத்தால், உருண்டை கட்டும் நேரத்தில் மாசி வெயில் வந்துவிடும்.

ஆனால், இந்தக் குளிரோடு சேர்ந்தே வருகிறது மழை. மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. 2016 டிசம்பர் 12ல் வர்தா, 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் என்று புயல்களும் இந்த மாதங்களில்தான் வந்தன. முட்டைக்கோஸ் வேர் தண்ணீரில் நின்றால் இரண்டே நாளில் செடி வாடும். எனவே தரையில் நடுபவர்கள் முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமைப்பது அவசியம். மாடியில் வளர்ப்பவர்கள் பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் உள்ள துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புயல் அறிவிப்பு வந்தால் பைகளைச் சுவரோரம் இறக்கி வைத்துவிடலாம். பையில் வளர்ப்பதில் இந்த வசதி உண்டு.

முதலில் மண்ணின் கதையைக் கேளுங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இரும்பு உருக்கு, வேதிப்பொருள் என்று பல தொழிற்சாலைகள் இருக்கின்றன. தெற்கே அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையங்கள். ஊரை ஒட்டியே சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை. பக்கத்தில் தொழிற்சாலை இருப்பதாலேயே ஒரு வீட்டின் மண் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அதேசமயம், விசாரிக்காமல் நம்பி நட்டுவிடவும் கூடாது.

முதல் கேள்வி: உங்கள் மனையை மேடாக்கக் கொட்டிய மண் எங்கிருந்து வந்தது? ஏரி மண்ணா, கட்டட இடிபாடா, சாம்பலா, உலைக்கழிவா? வீட்டுக்காரரையோ பழைய அக்கம்பக்கத்தாரையோ கேட்டால் தெரிந்துவிடும். இரண்டாவது: அந்த இடத்தில் முன்பு பேட்டரி பழுதுபார்க்கும் கடை, பழைய இரும்புக் கடை, பெயின்ட் பட்டறை ஏதாவது இருந்ததா? மூன்றாவது: பாத்திக்குப் பக்கத்துச் சுவரில் பழைய பெயின்ட் உரிந்து விழுகிறதா? வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன்பு அடித்த பெயின்ட்டில் ஈயம் அதிகமாக இருக்க வாய்ப்பு உண்டு.

ஈயம் ஏன் இவ்வளவு முக்கியம்? குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடியிருப்பு மண்ணில் ஈயம் 400 பிபிஎம் இருந்தால் ஆய்வு செய்ய வேண்டும் என்று வைத்திருந்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2024 ஜனவரியில் அந்த அளவை 200 ஆகக் குறைத்தது. பார்வை எந்தத் திசையில் போகிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஈயம் பெரும்பாலும் வேர் வழியாக ஏறுவதைவிட, புழுதியாக இலையில் ஒட்டிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறது. காட்மியம் போன்ற உலோகங்களை இலைக் காய்கறிகள் வேர் வழியாகவும் எளிதில் இழுத்துக்கொள்ளும். முட்டைக்கோஸின் உறவான கடுகுச் செடி, மண்ணில் உள்ள கன உலோகங்களை உறிஞ்சும் திறனுக்காகவே ஆராயப்படுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மண் பரிசோதனை என்று கொடுத்தால் வழக்கமாகப் பார்ப்பது கார அமிலத்தன்மை, உப்பின் அளவு, தழை, மணி, சாம்பல் சத்துகள் ஆகியவற்றைத்தான். ஈயமும் காட்மியமும் அதில் வராது. அவற்றுக்குத் தனிப் பரிசோதனை கேட்க வேண்டும். திருவள்ளூருக்கு அருகே திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. எந்தப் பரிசோதனையை எங்கே செய்யலாம் என்று அங்கே விசாரிக்கலாம்.

மேலே சொன்ன கேள்விகளில் ஒன்றுக்குச் சந்தேகமான பதில் வந்தாலும், தரையை விட்டுவிடுங்கள். வளர்ப்புப் பைதான் பாதுகாப்பு.

பையும் கலவையும்

ஒரு செடிக்கு ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள பை போதும். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலக்க வேண்டும். செம்மண் வாங்கும்போதும் அதே கேள்வி: எங்கே எடுத்த மண்? நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும், ஒரு ஸ்பூன் டிரைக்கோடெர்மா விரிடியும் சேர்த்தால் வேரழுகல் குறையும். பழைய பெயின்ட் வாளி, ரசாயன டிரம் இவற்றில் செடி வளர்ப்பது வேண்டாம்.

தண்ணீரிலும் கவனம் தேவை. மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்திருப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். உப்பு அதிகமானால் முட்டைக்கோஸ் இலை ஓரம் கருகி, உருண்டை சிறுத்துவிடும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுபவர்கள் உண்டு. போர் தண்ணீரே உப்பாக இருக்கும் வீட்டில், அந்தக் கழிவுநீரில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். அது முட்டைக்கோஸுக்கு வேண்டாம். மழைக்காலப் பயிர் என்பதால், ஒரு டிரம்மில் மழைநீரைப் பிடித்து மூடி வைத்தால் பல நாள் தேவை தீர்ந்துவிடும்.

விதை முதல் உருண்டை வரை

குழித்தட்டில் நார்க்கழிவும் மண்புழு உரமும் நிரப்பி, குழிக்கு ஒரு விதையை அரை செ.மீ. ஆழத்தில் ஊன்ற வேண்டும். நான்கைந்து நாளில் முளைக்கும். முளைத்த உடனே வெயில் படும் இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். நிழலில் விட்டால் நாற்று நெட்டையாகி ஒடியும். பெருமழை நேரடியாக விழாதபடி மேலே ஒரு பாலித்தீன் தாள் போதும்.

நான்கு முதல் ஆறு இலை வந்ததும், ஒரு மாலை நேரத்தில் நடலாம். தரையில் என்றால் செடிக்குச் செடி ஒன்றரை அடி. 40 நாளைத் தாண்டிய முற்றிய நாற்றை நட்டால் உருண்டை சரியாக வராது. தினமும் 6 மணி நேர வெயிலாவது வேண்டும்.

முட்டைக்கோஸ் நல்ல சாப்பாட்டு ராமன். நட்ட 15ம் நாளில் தொடங்கி, 10 நாளுக்கு ஒருமுறை ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றலாம். இடையில் ஒரு லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளிக்கலாம். உருண்டை கெட்டியாகத் தொடங்கியதும் உரத்தை நிறுத்திவிட வேண்டும்.

உருண்டை முற்றும் நேரத்தில் காய்ந்த மண்ணில் திடீரென்று நிறைய தண்ணீர் விழுந்தால், உருண்டை வெடித்துவிடும். எனவே ஈரம் ஒரே சீராக இருக்க வேண்டும். முற்றிய உருண்டை இருக்கும்போது மழை வரும் போலிருந்தால், செடியைப் பிடித்து மெதுவாக ஒரு கால் சுற்றுத் திருப்பிவிட்டால் போதும். சில வேர்கள் அறுந்து, செடி தண்ணீர் இழுப்பது குறையும், வெடிப்பும் குறையும்.

மருந்தைத் தோற்கடித்த புழு

கடையில் வாங்கும் முட்டைக்கோஸில் மருந்து வாடை அடிக்கிறது என்று குறை சொல்லாத வீடில்லை. அதற்குப் பின்னால் ஒரு சின்னப் பூச்சி இருக்கிறது. இறக்கையை மடக்கினால் முதுகில் வைர வடிவம் தெரிவதால் அதற்கு வைரமுதுகு அந்துப்பூச்சி என்று பெயர். 1950களின் தொடக்கத்தில் ஜாவா தீவில், டிடிடி மருந்துக்கே அசராத பூச்சியாக அது கண்டறியப்பட்டது. அதன் பிறகு வந்த மருந்துகளையும் ஒவ்வொன்றாகத் தாங்கப் பழகிவிட்டது. மருந்து வேலை செய்யாதபோது மேலும் அடிப்பது, வேறு மருந்தைக் கலந்து அடிப்பது என்று விவசாயி ஒரு சுழலில் மாட்டிக்கொள்கிறார்.

பத்துச் செடி வளர்ப்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. கண்ணும் கையும் போதும். வாரம் மூன்று முறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தொட்டதும் நெளிந்து நூலில் தொங்கும் சிறு பச்சைப் புழுவைப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். நட்ட அன்றே சன்னமான நைலான் வலையைக் குச்சி நட்டு மூடிவிட்டால் அந்துப்பூச்சி முட்டையிட முடியாது. புழுதியும் ஓரளவு தடைபடும்.

பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் விவசாயிகளுக்குச் சொல்லும் ஒரு வழியும் வீட்டுக்குப் பொருந்தும். முட்டைக்கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பே பக்கத்தில் கடுகு விதைக்க வேண்டும். நட்ட 25ம் நாளில் இன்னொரு முறை விதைக்க வேண்டும். அந்துப்பூச்சிக்கும் அசுவினிக்கும் கடுகின் மேல் ஆசை அதிகம். அவை அங்கே போய்ச் சேரும். அப்போது கடுகுச் செடியைப் பிடுங்கி அழித்துவிடலாம்.

அதையும் மீறினால் வேப்பங்கொட்டைக் கரைசல். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பைப் பொடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிய வேண்டும். முட்டைக்கோஸ் இலையில் மெழுகு போன்ற பூச்சு இருப்பதால் தெளிக்கும் நீர் உருண்டு ஓடிவிடும். கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்தால்தான் ஒட்டும். அசுவினிக்குச் சாம்பல் தூவுவது பாட்டி காலத்துப் பழக்கம். விறகுச் சாம்பல் என்றால் பரவாயில்லை. நிலக்கரிச் சாம்பல் கூடவே கூடாது.

இலை ஓரத்திலிருந்து நடு நரம்பை நோக்கி ஆங்கில 'வி' வடிவத்தில் மஞ்சள் படர்ந்தால், அது கருப்பு அழுகல் நோய். மருந்தைத் தேடாமல் அந்தச் செடியை உடனே அகற்றுவதே மற்றவற்றுக்கு நல்லது. அடுத்த ஆண்டு அதே மண்ணில் முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், முள்ளங்கி வைக்கக் கூடாது.

மூளைக்குப் புழு போகுமா?

'முட்டைக்கோஸ் சாப்பிட்டால் மூளையில் புழு வரும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பயம் பல வீடுகளில் இந்தக் காயையே நிறுத்திவிட்டது. இலையில் இருக்கும் பச்சைப் புழுவுக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை. மனித உடலில் அதனால் வாழ முடியாது. மூளையில் கட்டியை உண்டாக்குவது பன்றி நாடாப்புழுவின் முட்டை. நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தின் வழியாக அது வெளியேறும். கழிவுநீர் பாய்ந்த எந்தக் காய்கறியிலும், கைகழுவாமல் பரிமாறும் எந்த உணவிலும் அது வரலாம். மடிப்பு மடிப்பாக இருப்பதால் முட்டைக்கோஸ் மேல் பழி விழுந்துவிட்டது.

மழைநீரும் சுத்தமான தண்ணீரும் பாய்ந்து வீட்டில் வளர்ந்த முட்டைக்கோஸில் இந்தப் பயத்துக்கு இடம் மிகக் குறைவு. கடையில் வாங்கியதாக இருந்தாலும் வெளி இலைகளை நீக்கி, மீதியைப் பிரித்து ஓடும் தண்ணீரில் கழுவி, நன்றாக வேகவைத்தால் போதும்.

வெட்டும் நேரம்

கட்டை விரலால் அழுத்திப் பார்க்கும்போது கல் போலக் கெட்டியாக இருந்தால் அறுவடைக்குத் தயார். 'இன்னும் பெரிதாகட்டும்' என்று பிப்ரவரி கடைசி வரை விட்டுவைத்தால் வெடிக்கும். ஊட்டி அளவை எதிர்பார்க்க வேண்டாம். பையில் வளர்ந்தது அரை கிலோ, முக்கால் கிலோ வந்தாலே வெற்றிதான். சுற்றிலும் விரிந்திருக்கும் வெளி இலைகள்தான் புழுதியைத் தாங்கியவை. உள்ளே மடிந்திருப்பது பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். கரும்புழுதி படியும் இடத்தில் குடியிருப்பவர்கள் வெளி இலைகளை மூன்று நான்கு அடுக்கு நீக்கிவிடுங்கள். மாட்டுக்கும் போட வேண்டாம்.

உருண்டையே கட்டவில்லையா? தாமதமாக விதைத்தது, நிழல், சத்துக் குறைவு, மலை ரகம் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். இளம் இலைகளைக் கீரை போல நறுக்கிப் பொரியல் செய்துவிடலாம். முதல் முறை வளர்ப்பவர்கள் துணைக்கு இரண்டு பையில் நூல்கோல் வைத்துக்கொள்ளலாம். அதே குடும்பம், அதே பருவம். 50 நாளில் கைக்கு வந்துவிடும்.

பொங்கல் சமயத்தில் சந்தையில் முட்டைக்கோஸ் மலிவாகவே கிடைக்கும். பத்துப் பையில் வளர்த்துப் பணம் மிச்சம் பிடிக்க முடியாது. ஆனால் இந்தச் செடிக்காக 'இந்த மண் எங்கிருந்து வந்தது?' என்று கேட்கும் கேள்வி, அதே மண்ணில் வருடம் முழுவதும் பறிக்கும் முளைக்கீரைக்கும், பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடும் குழந்தைக்கும் சேர்த்துத்தான். புரட்டாசிக்கு முன்பே அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் நல்லது. மழை தொடங்கிய பிறகு மண்ணைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது.